பாலிப்பை எண்ணினால் போதுமா?

1999 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் செலிகாக்சிப் என்ற மாத்திரைக்குப் புதிதாக ஒரு வேலை கொடுத்தது. அதுவரை மூட்டுவலிக்கு விற்றுக்கொண்டிருந்த மாத்திரை அது. இனிமேல் பரம்பரையாகப் பெருங்குடலில் பாலிப்புகள் என்ற சிறு சதைமுளைகள் தோன்றும் நோய் உள்ளவர்களுக்கும் கொடுக்கலாம் என்று அனுமதி வந்தது. ஆதாரமாக வைக்கப்பட்டது ஒரே ஒரு சோதனை. அதில் சேர்ந்தவர்கள் 77 பேர், நடந்தது ஆறு மாதம். அதிக அளவு மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பாலிப்புகளின் எண்ணிக்கை சராசரியாக 28 சதவீதம் குறைந்திருந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.5 சதவீதம். அந்தச் சோதனை மருத்துவ இதழில் அச்சாவதற்குள்ளேயே அனுமதி கிடைத்துவிட்டது.

2011-இல் மாத்திரையை விற்றுவந்த ஃபைசர் நிறுவனம் இந்த அனுமதியைத் தானாகவே திருப்பிக் கொடுத்தது. இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளில் அந்த மாத்திரை யாருடைய அறுவை சிகிச்சையையாவது தள்ளிப்போட்டதா, ஒரு புற்றுநோயையாவது தடுத்ததா என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. பதில் தேடித் தருவதாக வாக்களிக்கப்பட்ட சோதனைக்குப் போதிய ஆள் சேரவில்லை.

இதை ஒரு மருந்தின் கதையாகப் படிப்பவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது அளவுகோல். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக இந்த நோய்க்கான மருந்துகள் பாலிப்பின் எண்ணிக்கையைக் கொண்டே எடைபோடப்பட்டு வந்திருக்கின்றன. அந்த எடைக்கல் சரிதானா என்று யாரும் கேட்காமலில்லை. கேட்டுவிட்டு மறுபடியும் அதையே தூக்கி வைத்தார்கள்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் குரோமோசோமில் ஏ.பி.சி. என்றொரு மரபணு இருக்கிறது, 1991-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் இரு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறப்பவருக்குப் பதின்ம வயதிலேயே பெருங்குடலின் உட்சுவரில் பாலிப்புகள் தோன்றத் தொடங்கும். நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலான பாலிப்புகள் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் இத்தனையில் ஏதோ ஒன்று புற்றாக மாறும். குடலை அப்படியே விட்டுவைத்தால் நாற்பது வயதை ஒட்டிப் பெருங்குடல் புற்றுநோய் வருவது ஏறத்தாழ நிச்சயம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மருத்துவர்கள் எஃப்.ஏ.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

உறுதியான சிகிச்சை பெருங்குடலையே எடுத்துவிடுவதுதான். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் 1924-இல் இந்தக் குடும்பங்களுக்கென்று ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. நோய் வருவதற்கு முன்பே உறவினர்களைக் கூப்பிட்டுப் பரிசோதிப்பது, உரிய வயதில் அறுவை செய்வது என்ற வழக்கம் அங்கிருந்துதான் பரவியது. இத்தனை மருந்துகளும் சேர்ந்து காப்பாற்றிய உயிர்களைவிட அந்தப் பதிவேட்டு முறை காப்பாற்றிய உயிர்கள் மிக அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அறுவையோடு கதை முடிவதில்லை. சிலருக்கு மலக்குடலை விட்டுவைத்து அதனோடு சிறுகுடலை இணைப்பார்கள். மிச்சமிருக்கும் மலக்குடலில் பாலிப்புகள் தொடர்ந்து வரும். சிலருக்கு மலக்குடலையும் எடுத்துவிட்டுச் சிறுகுடலின் முனையையே பையாகத் தைத்து வைப்பார்கள்; நாளில் பலமுறை கழிப்பறைக்கு ஓட வேண்டிய வாழ்க்கை, பெண்களுக்குக் கருத்தரிப்பதில் சிரமம். அந்தப் பையிலும் பாலிப் வரலாம். இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் வரும் பாலிப்புகளுக்குப் பெருங்குடல் அறுவையால் எந்தப் பயனும் இல்லை. போதாததற்கு டெஸ்மாய்டு என்ற நார்க்கட்டிகள் வயிற்றுக்குள் வளரும்; அறுவையே அவற்றைக் கிளப்பிவிடுவதும் உண்டு. பெருங்குடல் போன பிறகு இந்த நோயாளிகளின் உயிருக்கு முக்கிய ஆபத்து முன்சிறுகுடல் புற்றிலிருந்தும் டெஸ்மாய்டிலிருந்தும்தான்.

ஆக, நோயாளி மருந்திடம் எதிர்பார்ப்பது என்ன என்பது தெளிவு. பதினாறு வயதில் செய்ய வேண்டிய அறுவையை, படிப்பு முடியும்வரை, முடிந்தால் ஒரு குழந்தை பிறக்கும்வரை, ஆபத்தில்லாமல் தள்ளிப்போட முடியுமா? விட்டுவைத்த மலக்குடலைக் கடைசிவரை வைத்துக்கொள்ள முடியுமா? முன்சிறுகுடலில் இன்னொரு பெரிய அறுவையைத் தவிர்க்க முடியுமா? இவற்றை வைத்துத்தான் ஒவ்வொரு மருந்தையும் பார்க்க வேண்டும்.

முதலில் வந்தது சுலிண்டாக். இதுவும் வலிமாத்திரைதான். வில்லியம் வாடெல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் டெஸ்மாய்டுக்காக இதைக் கொடுத்தபோது பாலிப்புகள் மறைவதைக் கவனித்து, 1983-இல் எழுதினார். ஒரு சிலரிடம் கண்ட அனுபவம். ஆனால் கண் திறந்த கவனிப்பு. பத்தாண்டு கழித்து 1993-இல் ஜியார்டியெல்லோ என்ற ஆய்வாளரின் குழுவினர் 22 பேரை வைத்து முறையான சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்குப் போலி மாத்திரை, பாதிப் பேருக்கு 150 மில்லிகிராம் சுலிண்டாக் நாளுக்கு இருவேளை. ஒன்பது மாத முடிவில் பாலிப்புகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் இருந்ததில் 44 சதவீதமாகவும், விட்டம் 35 சதவீதமாகவும் இறங்கியது. இவ்வளவு சிறிய சோதனையில் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அபூர்வம். மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை.

அதே கட்டுரைக்குள் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒருவருக்குக்கூடப் பாலிப்புகள் முழுவதும் மறையவில்லை. மருந்தை நிறுத்திய மூன்றே மாதத்தில் அவை திரும்ப எழுந்தன. கொண்டாடியவர்கள் 44 என்ற எண்ணை எடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டையும் வேகமாகத் தாண்டிப் போனார்கள். வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரை, விழுங்கினாலும் மிச்சம் வைக்கும் மாத்திரை என்றால், மிச்சமிருப்பவற்றில் எது புற்றாகும் என்பதுதானே கேள்வி? சுலிண்டாக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, பாலிப்புகள் அடங்கியிருக்கும்போதே, மலக்குடலில் புற்று வந்த நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் 1990-களின் நடுவிலேயே வெளிவந்தன. மலக்குடல் விட்டுவைக்கப்பட்ட 12 பேரைச் சராசரியாக ஐந்தாண்டுக்கு மேல் சுலிண்டாக்கில் வைத்துக் கவனித்தபோது பாலிப்புகள் வெகுவாகக் குறைந்தன. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு 35-ஆம் மாதத்தில் மூன்றாம் கட்டப் புற்று. அவருடைய பாலிப் எண்ணிக்கை எந்தப் பட்டியலிலும் வெற்றியாகத்தான் பதிவாகியிருக்கும்.

அடுத்த சோதனையை நான் இந்தத் துறையின் மிக நேர்மையான சோதனை என்பேன். 2002-இல் அதே ஜியார்டியெல்லோ குழு, மரபணுப் பழுது இருந்தும் இன்னும் ஒரு பாலிப்பும் வராத 41 இளையவர்களைத் தேர்ந்தெடுத்தது. வயது எட்டிலிருந்து இருபத்தைந்து. நான்கு ஆண்டு சுலிண்டாக் அல்லது போலி மாத்திரை. வந்த பாலிப்பைச் சுருக்குவது வேறு, வராமல் தடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்யுமா என்று கேட்டார்கள். சுலிண்டாக் சாப்பிட்ட 21 பேரில் 9 பேருக்கும், போலி மாத்திரை சாப்பிட்ட 20 பேரில் 11 பேருக்கும் பாலிப் வந்தது. வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது. தங்கள் பெயருக்குப் புகழ் தந்த மருந்தைத் தாங்களே கடினமான கேள்விக்கு உட்படுத்தி, கிடைத்த விடையை மறைக்காமல் எழுதியவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் 41 பேர் என்பது போதாத எண்ணிக்கை. சிறிய பயன் இருந்திருந்தால் இந்தச் சல்லடையில் அது தங்கியிருக்காது.

சிறிய எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரு பொருளே சாட்சி சொல்லும். மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமினைக் குவெர்செட்டின் என்ற இன்னொரு தாவரப் பொருளோடு சேர்த்து ஐந்து எஃப்.ஏ.பி. நோயாளிகளுக்குச் சில மாதங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் வந்த முடிவு: பாலிப் எண்ணிக்கை 60 சதவீதம் குறைந்தது, அளவு பாதியானது. போலி மாத்திரைப் பிரிவு கிடையாது. மஞ்சள் புற்றைத் தடுக்கும் என்று மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் பேசுகிறவர்களுக்கு இது போதும், இன்றைக்கும் போதுமாகத்தான் இருக்கிறது. அந்த ஆய்வை நடத்திய க்ரூஸ்-கொரியாவுக்கு அது போதவில்லை. அவரே முன்னின்று 44 பேரைச் சேர்த்து, நாளுக்கு மூன்று கிராம் குர்குமின் ஒரு பக்கம், போலி மாத்திரை மறுபக்கம் என்று ஓராண்டு நடத்தினார். 2018-இல் வெளியான விடை: எண்ணிக்கையிலும் இல்லை, அளவிலும் இல்லை, எந்த வேறுபாடும் இல்லை. ஐந்து பேரிடம் 60 சதவீதம் என்று தெரிந்தது 44 பேரிடம் ஒன்றுமில்லாமல் போயிற்று. மஞ்சளைப் பெருமையாகப் பேசுகிற நம்மூர்க் கட்டுரைகளில் முதல் ஆய்வு இருக்கும் அளவுக்கு இரண்டாவது ஆய்வு இருப்பதில்லை.

எண்ணுவதே அப்படியொன்றும் எளிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆயிரம் பாலிப் உள்ள குடலில் எல்லாவற்றையும் யாரும் எண்ணுவதில்லை. குடல்சுவரில் ஓரிடத்தில் மை குத்தி அடையாளம் வைத்து, அந்த வட்டத்தைப் புகைப்படம் எடுத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடுகிறார்கள். காற்றடித்து விரித்த குடலில் விரிவு சற்றே மாறினாலும் படம் மாறும். நடுவில் மருத்துவர் ஆபத்தாகத் தெரிந்த பாலிப்பை அகற்றினால் கணக்கு குழம்பும். வலிமாத்திரைகள் மேடாக இருக்கும் பாலிப்பைத் தட்டையாக்கி, இருப்பதையே கண்ணிலிருந்து மறைக்கக்கூடும் என்ற கவலையும் இருக்கிறது. எலிச் சோதனைகளைப் பொறுத்தவரை, இந்தத் துறை பெரிதும் நம்பியிருக்கும் ‘மின்’ (Min) என்ற எலி வகைக்கு ஏ.பி.சி. மரபணு பழுதுதான், ஆனால் பாலிப்புகள் அதற்குப் பெரும்பாலும் வருவது சிறுகுடலில். எலியின் சிறுகுடலில் கிடைத்த வெற்றியை மனிதனின் மலக்குடலுக்கு எடுத்து வருவது நீண்ட பயணம்.

இனி செலிகாக்சிப்புக்குத் திரும்பலாம். போலி மாத்திரைப் பிரிவில் இருந்தவர்கள் 15 பேர்தான் என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். 28 சதவீதம் என்பது சுலிண்டாக் காட்டியதில் பாதி. நூறு பாலிப்பில் எழுபத்திரண்டு அப்படியே இருக்கும் குடலை எந்த அறுவை மருத்துவராவது விட்டுவைப்பாரா? உணவு, மருந்து நிர்வாகத்துக்கும் இது தெரிந்தே இருந்தது. பாலிப் குறைவதால் நோயாளிக்கு நன்மை உண்டா என்று தெரியாது, வழக்கமான பரிசோதனையும் அறுவையும் தொடர வேண்டும் என்று மருந்தோடு வரும் விவரத்தாளிலேயே அச்சிட்டார்கள். விரைவு அனுமதி என்ற ஏற்பாட்டின் தர்க்கம் இதுதான்: இப்போதைக்குக் கொடுத்து வைக்கிறோம், உண்மையான நன்மையைப் பிறகு நிரூபியுங்கள்.

பொறி அங்கேதான் இருந்தது. மருந்து கடையில் கிடைக்கத் தொடங்கிய பிறகு, பாதி வாய்ப்பில் போலி மாத்திரை கிடைக்கும் சோதனையில் எந்தத் தாய் தன் பிள்ளையைச் சேர்ப்பாள்? நோயாளிகள் அதிகம் உள்ள நோயில் யாராவது சேர்வார்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயில், முன்கூட்டிக் கொடுத்த அனுமதியே பிந்தைய நிரூபணத்தைச் சாகடித்துவிடுகிறது. அனுமதி கொடுத்தவர்கள் இதை முன்பே கணித்திருக்க வேண்டும்.

பிறகு இதயம் குறுக்கிட்டது. சாதாரணப் பாலிப்பு திரும்ப வராமல் தடுக்க முடியுமா என்று 2,035 பேரிடம் செலிகாக்சிப்பைச் சோதித்தபோது, இதயநோய்ச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவை போலி மாத்திரைப் பிரிவில் 1 சதவீதம் பேருக்கு, 200 மில்லிகிராம் இருவேளைப் பிரிவில் 2.3 சதவீதம் பேருக்கு, 400 மில்லிகிராம் இருவேளைப் பிரிவில் 3.4 சதவீதம் பேருக்கு வந்தன. 2005-இல் இது வெளியானது. கடைசியாகச் சொன்ன அளவுதான் எஃப்.ஏ.பி.க்கு அனுமதிக்கப்பட்ட அளவு. அந்தச் சோதனையில் இருந்தவர்கள் வயதானவர்கள்; இருபது வயது எஃப்.ஏ.பி. நோயாளிக்கு அதே ஆபத்து அதே அளவில் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் அந்தச் சோதனையைப் போல மூன்றாண்டோடு நிறுத்தப்போவதில்லை, முப்பதாண்டு சாப்பிடப் போகிறார்.

வாக்களித்த சோதனை குழந்தைகளிடம் நடந்தது. 106 பேர்தான் சேர்ந்தார்கள், வயது பத்திலிருந்து பதினேழு. நோய் முற்றியது செலிகாக்சிப் பிரிவில் 12.7 சதவீதம் பேருக்கு, போலி மாத்திரைப் பிரிவில் 25.5 சதவீதம் பேருக்கு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோய் முற்றுவதே மெதுவாக இருந்ததால் சோதனை திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. 55 பேரில் 7 பேர், 51 பேரில் 13 பேர்: இந்த எண்களை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்நாள் மருந்தை முடிவு செய்ய முடியாது. மேலும் ‘முற்றியது’ என்பதற்கு அங்கே வைத்த வரையறை, இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பாலிப்புகள் இருபதைத் தொடுவது. மறுபடியும் எண்ணிக்கை.

எண்ணிக்கை நம்மை ஒரு பக்கம் மட்டும் ஏமாற்றுவதாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். மறுபக்கமும் ஏமாற்றும் என்பதற்குப் பக்கத்து நோயிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. லிஞ்ச் நோய்க்குறியும் பரம்பரைப் பெருங்குடல் புற்றுதான்; அதில் பாலிப்புகள் குவிவதில்லை, வருபவை வேகமாகப் புற்றாகும். நியூகாசிலின் ஜான் பர்ன் தலைமையில் 861 பேருக்கு நாளுக்கு 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் அல்லது போலி மாத்திரை கொடுத்தார்கள். 2008-இல் முதல் கணக்கைப் பார்த்தபோது பாலிப்போ புற்றோ வந்தவர்கள் ஆஸ்பிரின் பிரிவில் 18.9 சதவீதம், மறுபிரிவில் 19 சதவீதம். தோல்வி என்று கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை, ஆட்களைப் பின்தொடர்ந்தார்கள். 2020-இல், சராசரியாகப் பத்தாண்டு கழித்து, பெருங்குடல் புற்று வந்தவர்கள் ஆஸ்பிரின் பிரிவில் 427 பேரில் 40, மறுபிரிவில் 434 பேரில் 58. ஆரம்பத்தில் எந்தப் பலனும் தெரியாத மருந்து புற்றைக் குறைத்திருக்கிறது. எஃப்.ஏ.பி. வேறு நோய் என்பதை மறக்கவில்லை. அதே பர்ன் குழு இளம் எஃப்.ஏ.பி. நோயாளிகளிடம் ஆஸ்பிரினைச் சோதித்தபோது பாலிப் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே பத்தாண்டு பின்தொடர்ந்தால் என்ன தெரிந்திருக்கும் என்ற கேள்வி இப்போது திறந்தே கிடக்கிறது.

இந்தத் துறை திருந்த முயன்றதற்கு நல்ல சான்று எஃப்ளோர்நித்தின். ஆப்பிரிக்கத் தூக்க நோயில் நினைவிழந்து கிடந்தவர்களை எழுப்பியதால் புகழ்பெற்ற மருந்து. பணக்கார நாடுகளில் பெண்களின் முகத்தில் வளரும் முடியைக் குறைக்கும் களிம்பாகவும் விற்றது. செல் பெருகத் தேவைப்படும் பாலிஅமைன்கள் உற்பத்தியாவதை அது தடுக்கிறது. பரம்பரை நோய் இல்லாத 375 பேரிடம் இதையும் சுலிண்டாக்கையும் சேர்த்துக் கொடுத்தபோது, மூன்றாண்டில் பாலிப் திரும்ப வந்தவர்கள் 12.3 சதவீதம், போலி மாத்திரைப் பிரிவில் 41.1 சதவீதம். 2008-இல் வந்த இந்த முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

எஃப்.ஏ.பி.யில் நடந்த சோதனை 2020-இல் வெளியானது. 171 பேர், நான்காண்டு வரை. பாலிப்பை எண்ணவில்லை. பெரிய அறுவை தேவைப்பட்டதா, முற்றிய பாலிப்பை அகற்ற வேண்டி வந்ததா, மலக்குடலிலோ பையிலோ புற்றுக்கு முந்தைய தீவிர மாற்றம் தெரிந்ததா, முன்சிறுகுடல் நோய் அடுத்த கட்டத்துக்குப் போனதா என்று கேட்டார்கள். சரியான கேள்விகள், முன்பே கேட்டிருக்க வேண்டியவை. விடை: இரு மருந்தும் சேர்த்துச் சாப்பிட்ட 56 பேரில் 18 பேருக்கு நோய் முற்றியது, சுலிண்டாக் மட்டும் சாப்பிட்ட 58 பேரில் 22, எஃப்ளோர்நித்தின் மட்டும் சாப்பிட்ட 57 பேரில் 23. சுலிண்டாக்கோடு ஒப்பிட்டால் கூட்டு மருந்தால் ஆபத்து 29 சதவீதம் குறைந்ததாகக் கணக்கு காட்டியது. ஆனால் நிச்சயமின்மையின் எல்லைகள் 61 சதவீதக் குறைவிலிருந்து 32 சதவீத அதிகரிப்புவரை நீண்டன. சோதனை தோற்றது.

எனக்கு இந்தத் தோல்வியின் இரண்டு காரணங்கள் மருந்துக்கு வெளியே தெரிகின்றன. ஒன்று, போலி மாத்திரைப் பிரிவு இல்லை. சுலிண்டாக்கோடு ஒப்பிட்டதால், ஏற்கெனவே பயன் தருகிற மருந்தின்மேல் எவ்வளவு கூடுதல் என்றுதான் கேட்க முடிந்தது. அந்தச் சிறிய கூடுதலைக் காண 171 பேர் போதாது. இரண்டாவது காரணம் பெரியது. பெருங்குடல் எடுக்காதவர், மலக்குடல் மட்டும் உள்ளவர், பை உள்ளவர், முன்சிறுகுடல் பாதித்தவர் எல்லோரையும் ஒரே கணக்கில் போட்டார்கள். மேலேயும் கீழேயும் நோய் ஒரே மாதிரி மருந்துக்கு இணங்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கையில் இல்லாதபோது அப்படிச் சேர்த்தது பிழை. பிற்பாடு கீழ்க்குடலை (பெருங்குடல், மலக்குடல், பை) மட்டும் பிரித்துப் பார்த்தபோது, கூட்டு மருந்துப் பிரிவில் ஒருவருக்கும் கீழ்க்குடல் அறுவை தேவைப்படவில்லை. சுலிண்டாக் பிரிவில் 7 பேருக்கும், எஃப்ளோர்நித்தின் பிரிவில் 8 பேருக்கும் தேவைப்பட்டது.

இந்தச் சுழியம் கவர்ச்சியானது. நோயாளிகள் கேட்ட அதே விஷயத்தில் வந்திருக்கிறது என்பதால் அதை அலட்சியப்படுத்தவும் மனம் வரவில்லை. ஆனாலும் முடிவு தெரிந்த பிறகு தேர்ந்தெடுத்த பிரிவில் கிடைத்த விடை அது. அறுவை செய்வதா வேண்டாமா என்பது மருத்துவருக்கு மருத்துவர், நாட்டுக்கு நாடு மாறும் முடிவும்கூட. இதை அடுத்த சோதனைக்கான வலுவான காரணம் என்று ஏற்பேன்; மருந்துச் சீட்டு எழுதுவதற்கான காரணம் என்று ஏற்க மாட்டேன். கூட்டு மருந்து பயனற்றது என்று எழுதுகிறவர்களும் தவறுதான் செய்கிறார்கள். நிரூபிக்கப்படவில்லை என்பதற்கு மேல் அந்த எண்கள் எதையும் சொல்லவில்லை.

சுருக்கும் வலிமையில் எல்லாவற்றையும் மிஞ்சியது சுலிண்டாக்கோடு எர்லோடினிப் சேர்த்த கூட்டு. எர்லோடினிப் நுரையீரல் புற்றுக்கான மருந்து. யூட்டா பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் நிறுவனத்தில் 92 பேரிடம் ஆறு மாதம் நடந்த சோதனையில், போலி மாத்திரைப் பிரிவில் முன்சிறுகுடல் பாலிப்புகளின் மொத்த அளவு கூடியது, மருந்துப் பிரிவில் குறைந்தது; இரண்டுக்கும் இடைவெளி 71 சதவீதம். முன்சிறுகுடலில் எதுவும் சரிவர வேலை செய்யாமல் இருந்த நிலையில் 2016-இல் வந்த இந்த முடிவு முக்கியமானதே. விலை தோலில் தெரிந்தது: மருந்து சாப்பிட்டவர்களில் 87 சதவீதம் பேருக்கு முகப்பரு போன்ற கொப்புளங்கள். ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளலாம், ஆறு ஆண்டு? பிறகு எர்லோடினிப்பை மட்டும் வாரம் ஒருமுறை 46 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்சிறுகுடலில் சுமார் 30 சதவீதம் குறைந்தது, ஆனால் ஒப்பிட மறுபிரிவு இல்லை. தானாகவே ஏறி இறங்கும் ஒன்றை மறுபிரிவு இல்லாமல் அளப்பது மஞ்சள் ஆய்வின் பழைய பாதைக்கே கொண்டுபோய் விடும். ராபமைசின் வகை மருந்தும், செல்லின் வளர்ச்சிச் சமிக்ஞையை அடைக்கும் வேறு மருந்தும் இப்போது சோதனையில் உள்ளன. அவற்றின் முதல் செய்திகளும் சிலரிடம், சில மாதத்தில், போலி மாத்திரை இல்லாமல், இத்தனை சதவீதம் குறைந்தது என்ற அதே வாக்கியத்தில்தான் வருகின்றன.

இதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு: அரிய நோய், ஆட்கள் கிடைக்க மாட்டார்கள், இதற்குமேல் கேட்பது நியாயமில்லை. டெஸ்மாய்டு இதே நோயாளிகளிடமும் வரும் கட்டி, அதுவும் அரியதுதான். நிரோகாசெஸ்டாட் என்ற மருந்தை அதில் 142 பேரிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். இரண்டாண்டில் கட்டி வளராமல் இருந்தவர்கள் 76 சதவீதம், மறுபிரிவில் 44 சதவீதம். 2023 நவம்பரில் அனுமதி கிடைத்தது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் நான்கில் மூவருக்குச் சூலகச் செயல்பாடு பாதிக்கப்பட்டது என்ற கசப்பான உண்மையும் அதே சோதனையில்தான் தெளிவாக வெளிப்பட்டது. விடை கிடைக்க மருந்தின் பலமும் உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆட்கள் கிடைத்தார்கள், கேள்வி ஒன்றே ஒன்றாக இருந்தது, அதற்கு விடையும் கிடைத்தது.

சோதனையை எப்படி அமைப்பது என்பதில் எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியர்களின் வழி. இஷிகாவா குழுவினர் முதலில் ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பாலிப்புகளை எண்டோஸ்கோப்பி மூலம் முழுக்க அகற்றினார்கள். பிறகுதான் 102 பேருக்கு நாளுக்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மெசலசின் என்ற இன்னொரு மருந்து, இரண்டும், எதுவுமில்லை என்று பிரித்துக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் மறுபடி ஐந்து மில்லிமீட்டரைத் தொட்ட பாலிப் இருந்தவர்கள் ஆஸ்பிரின் பெற்றவர்களில் 30 சதவீதம், பெறாதவர்களில் 50 சதவீதம். மெசலசினால் பயனில்லை. 2021-இல் வந்தது. எட்டு மாதம் குறைவான காலம். இதுவும் பாலிப்பைத்தான் பார்க்கிறது. ஆனால் கைதேர்ந்த மருத்துவர் பெரிய பாலிப்புகளை அகற்றிவிட்ட குடலில் மருந்து இன்னும் எதைச் சேர்க்கிறது என்ற நடைமுறைக் கேள்வியை இது கேட்கிறது. மற்ற சோதனைகள் மருந்தை அறுவைக்கு மாற்றாகப் போட்டியில் நிறுத்தின; போட்டியில் மருந்து தோற்றது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இன்றுள்ள எந்த மருந்தும் பெருங்குடல் அறுவைக்கு மாற்றாக நிரூபிக்கப்படவில்லை. அப்படி நம்பிக்கை கொடுப்பது ஆபத்து. விட்டுவைத்த மலக்குடலிலும் பையிலும், ஒழுங்காக எண்டோஸ்கோப்பிக்கு வரும் பெரியவருக்குத் துணை மருந்தாகச் சுலிண்டாக்குக்கு இடம் உண்டு. பாலிப் குறைந்துவிட்டது என்று பரிசோதனை இடைவெளியை நீட்டுவதற்கு இடமில்லை. செலிகாக்சிப்பின் அனுமதி கொடுத்ததே தவறு, திரும்பப் பெற்றது சரி. எஃப்ளோர்நித்தின் கூட்டை இன்னொரு முறை சோதிக்க வேண்டும். கீழ்க்குடலில் மட்டும், எப்போது அறுவை என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, எந்தப் பிரிவு என்று அறியாத குழு படங்களைப் பார்த்து முடிவு செய்யும்படி. எர்லோடினிப் கூட்டு, முன்சிறுகுடல் அறுவையின் விளிம்பில் நிற்பவருக்கு நிபுணர் கையில் குறுகிய காலத்துக்கு யோசிக்கத் தக்கது. எந்த மருந்தும் பாலிப் வராத சிறுவருக்குத் தடுப்பாகப் பயன்படும் என்பதற்கு ஆதாரமில்லை. சுலிண்டாக்கைப் பொறுத்தவரை, கிடைத்திருக்கும் சிறிய ஆதாரம் பயன் எதையும் காட்டவில்லை.

மீதி ஆஸ்பிரின். மலிவான, யாருக்கும் காப்புரிமை இல்லாத, நூறாண்டுக்கு மேல் பழகிய மாத்திரை. பெரிய பாலிப்புகளை அகற்றிவிட்டு, குறைந்த அளவில், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, எட்டு மாதத்துக்குப் பதில் ஐந்தாண்டு, பல நாட்டுப் பதிவேடுகள் சேர்ந்து, பாலிப்புக்குப் பதில் காப்பாற்றப்பட்ட மலக்குடல்களைக் கணக்கெடுத்தால் விடை கிடைக்கும். இதனால் லாபம் பார்க்கும் நிறுவனம் ஒன்றும் இல்லாததால், செலவு அரசுகள் தலையில்தான் விழும். இந்தத் துறையில் அடுத்த பொதுப் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.